சிவப்பு மட்டும் ஏன் உச்சியில்?

துருவப் பக்கத்து இரவு வானில் திரைபோல் ஒளிரும் துருவ ஒளியின் படங்களில் எல்லாரும் பச்சையைத்தான் ரசிக்கிறார்கள். எனக்கென்னவோ அதற்கு மேலே மங்கலாகத் தெரியும் சிவப்பின் மீதுதான் கண்.

சூரியன் வீசியெறியும் மின்னூட்டத் துகள் மேகம் 15 கோடி கிலோமீட்டர் கடந்து பூமிக்கு வர, பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அது நேராக வந்து காற்றில் மோதி ஒளிர்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள், அப்படியில்லை. முதலில் பூமியின் காந்தப்புலத்தை உலுக்குகிறது. இரவுப் பக்கம் வால்போல் நீண்டு கிடக்கும் காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது, எலக்ட்ரான்கள் வேகம் பிடித்துத் துருவப் பக்கம் பாய்கின்றன.

அவற்றிடம் அடிபட்ட காற்றின் ஆக்சிஜன் அணு பச்சை ஒளியை ஒரு வினாடிக்குள் உமிழ்ந்துவிடும். சிவப்புக்கோ ஏறத்தாழ 2 நிமிடம் வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் அவ்வளவு நேரம் அதை யார் விட்டுவைப்பார்கள்? பக்கத்து மூலக்கூறு இடித்து ஆற்றலைப் பிடுங்கிக்கொள்ளும். 200 கிலோமீட்டருக்கு மேலே காற்று அத்தனை மெலிவு. அங்கேதான் சிவப்பு பிழைக்கிறது.

இப்படித் துகள் மேகம் வந்து காந்தப்புலத்தை உலுக்குவதைச் சூரியப் புயல் என்பார்கள். அப்படியொரு பெரிய புயல் வந்த 2024 மே 10 இரவு, துருவத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த பல இடங்களில் அடிவானம் சிவந்ததும் இதனால்தான். பச்சை தாழ்வாக இருந்ததால் பூமியின் வளைவு அதை மறைத்துவிட்டது.

அடுத்த பெரிய சூரியப் புயல் செய்தி வந்தால், துருவம் இருக்கும் திசையில் கேமராவைப் பத்து வினாடி திறந்து வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத சிவப்பும் அதில் பதியும்.