ஹுட் மாட்டிக்கொண்டு பறந்த நாட்கள்

வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை வைத்தே விமானம் ஓட்டுவதற்கான தகுதி இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அதற்கு நம் நாட்டில் 40 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி வரை சிமுலேட்டரில் முடிக்கலாம். மீதியை செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில், நெற்றியில் ஹுட் மாட்டிக்கொண்டு பறந்தேன். ஜன்னல் தெரியாது, எதிரே உள்ள ஆறு கருவிகள் மட்டும்தான்.

முதலில் உயரத்தை அடியில் காட்டும் ஆல்டிமீட்டர். ஒரே வட்டத்தில் மூன்று முட்கள்: நூறு, ஆயிரம், பத்தாயிரம். அவசரத்தில் கண் நீளமான முள்ளுக்குத்தான் ஓடும். அதனால் பத்தாயிரத்தில் தொடங்கி, அடுத்து ஆயிரம், கடைசியில் நூறு என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் இன்ஸ்ட்ரக்டர். முதலில் சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் பட்டது. 1958-இல் பிரிட்டனில் ஒரு வைக்கவுண்ட், ஒரு பிரிட்டானியா என்று இரண்டு விமானங்கள், உயரத்தைப் பத்தாயிரம் அடி கூட்டிப் படித்ததால் தரையில் மோதின என்று படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அவற்றை ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். குறை அந்த முகப்பின் வடிவமைப்பில் இருந்தது. இன்று பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்தால் ஆல்டிமீட்டரில் கோடுபோட்ட பட்டை ஒன்று தெரிகிறதே, அது இப்படிப்பட்ட விபத்துகள் கற்றுக்கொடுத்தது.

கடினமான கட்டம் அடுத்து வந்தது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலா கீழா என்று காட்டும் செயற்கை அடிவானத்தை இன்ஸ்ட்ரக்டர் ஒரு ரப்பர் மூடியால் மறைத்துவிட்டு, என்னைக் கண்ணை மூடித் தலையைக் குனியச் சொல்வார். விமானத்தை இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டு, "ம், எடுத்துக்கோ" என்பார். கண்ணைத் திறந்தால் வேகம் ஏறிக்கொண்டிருக்கும், உயரம் இறங்கிக்கொண்டிருக்கும். மூக்கு கீழே இருக்கிறது. உடனே த்ராட்டிலை இழுத்து இன்ஜின் சக்தியைக் குறைத்து, திருப்பத்தைக் காட்டும் டர்ன் கோ-ஆர்டினேட்டரைப் பார்த்து இறக்கைகளை மட்டமாக்கி, அதற்குப் பிறகே மூக்கைத் தூக்க வேண்டும். சாய்ந்த நிலையிலேயே இழுத்தால் திருப்பம் இன்னும் இறுகும். மட்டமான பிறகும் உடம்பு "எதிர்ப்பக்கம் சாய்கிறாய்" என்று அடம்பிடிக்கும். காதுக்குள் இருக்கும் திரவம் செய்யும் வேலை அது. கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் உடம்பின் பேச்சைக் கேட்கக் கூடாது.

ஒத்துப்போகாவிட்டால்? 1978 ஜனவரி 1, மும்பையிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா 855. இரவு, கீழே இருண்ட அரபிக் கடல். கேப்டன் பக்கத்துச் செயற்கை அடிவானம் வலப்பக்கச் சாய்விலேயே நின்றுபோனது. அதை நம்பி அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். விமானத்தில் இருந்த மற்ற இரண்டு செயற்கை அடிவானங்களும் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தன. புறப்பட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, விமானம் கடலில் விழுந்து 213 பேரும் போய்விட்டார்கள். அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு எந்த முள்ளையும் தனியாக நம்பியதில்லை. தரையில் விமானத்தை உருட்டிச் செல்லும்போதே (டாக்ஸி) இடப்பக்கம் திரும்பினால் டர்ன் கோ-ஆர்டினேட்டர் இடப்பக்கம் சாய்கிறதா, அதிலுள்ள சின்னப் பந்து வலப்பக்கம் ஓடுகிறதா, ஹெட்டிங் (திசையைக் காட்டும் எண்) குறைகிறதா, அடிவானம் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன்.

தேர்விலும் தேர்வாளர் அதே செயற்கை அடிவானத்தைத்தான் மூடினார். இந்தப் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள், அந்த மூடியைக் கடைசிவரை தள்ளிப்போடாமல் ஆரம்பத்திலேயே போடச் சொல்லிக் கேளுங்கள்.