இருபத்துமூன்றாம் அதிகாரம்

வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடம் முடிந்த கையோடு, எங்கள் ஆங்கில சேர் பத்துப் பேரை நூலகத்துப் பின்விறாந்தையில் இருத்திக் கதை வாசிப்பார். பரீட்சைக்கு வேண்டிய நூல் எதுவும் எடுக்கமாட்டார். தனக்குப் பிடித்ததைத்தான் எடுப்பார். 1979இல் அவர் எடுத்தது அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹோதோர்ன் 1850இல் வெளியிட்ட ‘த ஸ்கார்லெட் லெற்றர்’ நாவல். ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசிப்பார், அப்புறம் தமிழில் சொல்லுவார். சேரிடம் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி. நாங்கள் பத்துப் பேரும் நூலகப் பிரதியை முறை வைத்து இரவல் எடுத்தோம்.

கதை 1640களின் பொஸ்ரனில் நடக்கிறது. கணவன் பக்கத்தில் இல்லாத ஹெஸ்டர் பிறின் ஒரு பிள்ளை பெறுகிறாள். தகப்பன் பெயரைச் சொல்ல மறுக்கிறாள். கைக்குழந்தையோடு அவளைச் சந்தையடித் தண்டனை மேடையில் மூன்று மணி நேரம் நிறுத்துகிறார்கள். நெஞ்சிலே சிவப்புத் துணியில் ‘ஏ’ என்ற எழுத்து (‘அடல்ற்றரி’, கள்ள உறவு), சாகும்வரை கழற்றக்கூடாது. இது வெறும் கற்பனை இல்லை. பக்கத்துப் பிளிமத் குடியேற்றத்தில் 1658இல், இதே குற்றத்துக்கு எழுத்தைத் துணியில் வெட்டி உடுப்பில் தைத்து அணிய வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்து “பெயரைச் சொல்” என்று மேலே மாடத்தில் நின்று கேட்கும் இளம் போதகர் டிம்ஸ்டேல்தான் அந்தத் தகப்பன். சேர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆங்கில தினத்துக்கு இருபத்துமூன்றாம் அதிகாரத்தை மேடையில் வாசிக்க ஒருவரைத் தெரிவு செய்யப்போவதாக சேர் சொன்னார். ஏழு வருடம் ஒளித்து வைத்ததைப் போதகர் அதே மேடையில் ஏறி, ஊர் முழுக்கப் பார்க்கச் சொல்லிவிட்டு உயிர்விடும் அதிகாரம். எனக்கு முன் வாங்கில் இருந்தவனின் உச்சரிப்பு என்னுடையதைவிட நல்லது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

புத்தகம் என் முறைக்கு வந்த இரவு, அப்பாவின் சவரப் பிளேட்டால் அந்த அதிகாரத்தை வெட்டி எடுத்தேன். கட்டோடு ஒட்டி, விரல் அகலமும் மிச்சம் வைக்காமல் வெட்டினேன். தாள்களை அட்லஸுக்குப் போட்டிருந்த பிறவுண் தாள் உறைக்குள் செருகினேன். அடுத்த முறை அவனுடையது. அவன் அந்த அதிகாரத்தை எட்டும் முன்பே தவணை நாள் வந்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். நூலகர் விரித்துப் பார்த்தார். பதிவேட்டில் கடைசியாக அவன் பெயர்.

திங்கள் காலை அசெம்பிளியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நூலக அட்டையைப் பறித்தார்கள். அவனுடைய ஐயா சைக்கிளில் வந்து புத்தகத்தின் விலையைக் கட்டிவிட்டுப் போனார். வலது பெடலில் கட்டை இல்லை, வெறும் கம்பி. அதை மிதித்துக்கொண்டு அவர் கேற்றால் வெளியேறியதை நான் வகுப்பு ஜன்னலால் பார்த்தேன்.

ஆங்கில தினத்தில் நான்தான் வாசித்தேன். டிம்ஸ்டேலின் பாவ அறிக்கையைச் சேரின் பிரதியிலிருந்து, குரல் நடுங்க வாசித்தேன். உணர்ந்து வாசித்ததாக எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த நாவலில் என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொரு அதிகாரம். பதினோராவது. டிம்ஸ்டேல் பிரசங்க மேடையில் நின்று, நான் பாவிகளிலும் கேடுகெட்ட பாவி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சபையார் அதைத் தாழ்மை என்று எடுத்து அவரை இன்னும் உயர்த்துகிறார்கள். செய்ததை மட்டும் அவர் சொல்வதில்லை. அடுத்த அதிகாரத்தில் நடுச்சாமம், ஆளில்லாத தண்டனை மேடையில் ஏறி நிற்கிறார். மகள் பேர்ள் கேட்கிறாள்: நாளை மத்தியானம் அம்மாவோடும் என்னோடும் இங்கே நிற்பீர்களா? நாளைக்கு இல்லை, நியாயத்தீர்ப்பு நாளில், என்கிறார். பிள்ளை கையை உருவிக்கொள்ளப் பார்க்கிறாள். ‘நானும் பிழைகள் விட்டவன்தான்’ என்று சங்கக் கூட்டங்களில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அதுவும் பதினோராம் அதிகாரம்தான்.

1984இல் நாட்டை விட்டு வந்தேன். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்த அவ்வளவும் போய்விட்டதென்று அம்மா தொலைபேசியில் அழுதா. அவ அழுதுகொண்டிருக்கையிலேயே, அந்தத் தாள்களும் போயிற்று என்று எனக்குள் ஓர் ஆறுதல் எழும்பியது. அந்த ஆறுதலைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து காரில் மசச்சூசெற்ஸ் போனேன். சேலம் ஊரில் 1692இல் சூனியக்காரர் என்று பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த விசாரணைகளில் இருந்த நீதவான் ஜோன் ஹாதோர்ன் நாவலாசிரியரின் கொள்ளுப்பாட்டனாரின் தகப்பன். முன்னோர் செய்ததற்கான வெட்கத்தை நான் ஏற்கிறேன் என்று நாவலாசிரியர் அந்த நாவலின் முன்னுரையில் எழுதினார். பேய்ப்பயம் தொடங்கிய சேலம் கிராமத்துக்கு இன்று டான்வர்ஸ் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் பிறந்த ஊரும் அதுதான். அங்கே நின்றபோது எனக்கு அது தூரத்து ஊராகத் தெரியவில்லை.

பொஸ்ரனில் கிரானரி மயானத்தில் சாமுவேல் சூவெல் புதைக்கப்பட்டிருக்கிறார். அவரும் அந்த வழக்குகளின் நீதிபதி. 1697 ஜனவரி 14, உபவாச நாளில், தன் குற்றத்தை எழுதிய தாளைப் போதகர் கையில் கொடுத்தார். அதைச் சபைக்கு வாசித்து முடிக்கும்வரை தன் இருக்கையில் எழுந்து நின்றார். சேலத்தில் நடந்ததற்கான பழியும் வெட்கமும் தன்னுடையது என்று அதில் இருந்தது. பொதுவான பாவி என்று அவர் சொல்லவில்லை.

அன்றிரவு ஹோட்டலிலிருந்து, என் முன் வாங்கில் இருந்தவனை லண்டனுக்கு அழைத்தேன். எல்லாம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “அசெம்பிளியில வைச்செல்லே என்ர பேரைக் கூப்பிட்டவை. ஐயாவும் அதை நம்பித்தான் காசு கட்டினவர், நம்பித்தான் செத்தவர். இப்ப எனக்கு மட்டும் சொல்லி என்னடா?”

அன்றைய அசெம்பிளியில் நின்ற பலர் இந்த மலரை வாசிப்பீர்கள். 1979ஆம் ஆண்டு, நம் கல்லூரி நூலகப் பிரதியின் இருபத்துமூன்றாம் அதிகாரத்தைப் பிளேட்டால் வெட்டி எடுத்தவன் நான். அவன் அந்தப் பக்கங்களைக் கண்டதே இல்லை.