அம்மாவுக்கு வால்வு மாற்றிய கதை

அம்மாவுக்கு இதயத்தில் மிட்ரல் வால்வை (ரத்தம் ஒரே பக்கமாகப் போகத் திறந்து மூடும் கதவுகளில் ஒன்று) மாற்றியாயிற்று. இப்போது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாள், கோயிலுக்கு நடந்தே போய்வருகிறாள். வால்வு மாற்ற வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்று, நெஞ்சைத் திறப்பதைவிடப் பணம்தான் எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. எங்களைப் போலவே எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்து நிற்கிற குடும்பங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது மூச்சிரைப்பு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இரண்டு படி ஏறினாலே இரைக்கும். ராத்திரி மல்லாந்து படுத்தால் இருமல் வந்துவிடும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல மக்கா, சளிதான்" என்பாள். பக்கத்து கிளினிக்கிலும் வீசிங் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். கால் வீங்கிய பிறகுதான் நாகர்கோவிலில் ஒரு இதய மருத்துவர் எக்கோ எடுத்துப் பார்த்து, இது ருமாட்டிக் இதய நோய் என்றார்.

இந்த நோய் சிறு வயதில் தொண்டைப்புண்ணாகத் தொடங்குமாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அப்போதே பென்சிலின் மாதிரி மருந்து கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும். கொடுக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கும். மூட்டு சரியாகிவிடும், இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. அது வருடக்கணக்கில் தடித்து, ஒட்டி, வழியைக் குறுக்கிவிடும். அம்மா சிறுமியாக இருந்தபோது முட்டி வீங்கிப் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தது பாட்டிக்கு நன்றாக நினைவிருந்தது. நெருக்கமான வீடுகளில், டாக்டரிடம் போக வழியில்லாத இடங்களில்தான் இது அதிகம். நோய் தேடிப் பிடிப்பதே ஏழைகளைத்தான். வால்வின் விலை கட்டுப்படாமல் போவதும் அவர்களுக்குத்தான்.

பலூன் வைத்து வால்வை விரிக்க முடியுமா என்று கேட்டோம். சில பேருக்கு அது போதும். அம்மாவுக்கு வால்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது, ரத்தக் கசிவும் இருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குப் போகச் சொன்னது தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. காலையில் ரயில் ஏறினால் ஓ.பி. நேரத்துக்குப் போய்விடலாம்.

நாகர்கோவில் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, எக்கோ, ஈசிஜி, பழைய சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலாகக் கொண்டுபோனோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒவ்வொரு டாக்டரும் முதலில் புரட்டுவது அதைத்தான். கூட இருப்பவரை அங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். முடிந்தவரை ஒரே ஆளே பைஸ்டாண்டராகப் போவது நல்லது. ஆள் மாறினால் முந்தைய நாள் டாக்டர் சொன்னது பாதி விட்டுப்போகும்.

இனி பண விஷயம். அறுவைக்கான எஸ்டிமேட் போட்டதும் எங்களை சமூகப் பணியாளரைப் பார்க்கச் சொன்னார்கள். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற அம்மையார். "வீடு சொந்தமா, ஓடா கான்கிரீட்டா, சம்பாதிக்கிறவர் எத்தனை பேர், கடன் உண்டா" என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வெட்கப்பட்டு எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். அப்பா முதலில் கடனைச் சொல்லத் தயங்கினார். "அண்ணாச்சி, இதைச் சொன்னால்தான் நான் உங்களுக்கு எழுத முடியும்" என்றார் அவர். அதற்குப் பிறகு அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வருமானச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் பார்த்துத்தான் சலுகை முடிவாகிறது.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போகும். மற்ற பரிசோதனைகள் நடக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும். கடைசியில் ஓடினால் அறுவைத் தேதி கிடைத்தும் காகிதம் கிடைக்காது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பித்தோம். ஆஸ்பத்திரி தந்த எஸ்டிமேட்டின் அசல், வருமானச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை எங்கள் எம்.பி. அலுவலகத்தில் கொடுத்தோம். அவர்கள் கடிதம் வைத்து அனுப்பினார்கள். பணம் நம் கைக்கு வராது, ஆஸ்பத்திரிக்கே போகும். முழுத் தொகையும் வரவில்லை, ஒரு பங்குதான் வந்தது. ஆனால் அந்தப் பங்கு இல்லையென்றால் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிருக்கும். அறுவை முடிந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள், முன்பே கொடுத்தாக வேண்டும்.

அப்புறம் எந்த வால்வு என்ற கேள்வி வந்தது. விலங்குத் திசுவில் செய்த திசு வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்து, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். மெக்கானிக்கல் வால்வு நெடுங்காலம் நிற்கும், மாத்திரையை விடவே கூடாது. அம்மாவின் வயதுக்கு மெக்கானிக்கல்தான் சரி என்று முடிவானது. "சித்ரா வால்வு வைக்கிறோம்" என்றார் டாக்டர். விலை குறைவு என்பதால் தரமும் குறைவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்த வால்வு இது, இதே வளாகத்தில் பிறந்தது என்று சொல்லி, அதன் கதையையும் சொன்னார். வீட்டுக்கு வந்து மேற்கொண்டு தேடிப் படித்தேன்.

எம்.எஸ். வலியத்தான் 1934இல் மாவேலிக்கரையில் பிறந்தவர், இதய அறுவை மருத்துவர். 1974இல் திருவனந்தபுரத்தில் இந்த மருத்துவமனையை நடத்தப் பொறுப்பேற்றார். அன்றைக்கு வால்வு எல்லாமே இறக்குமதி. அவர் முன்னால் வந்து நின்றவர்களோ எங்கள் அம்மாவைப் போன்ற ருமாட்டிக் நோயாளிகள், அந்த விலை கொடுக்க முடியாதவர்கள். அறுவை செய்யத் தெரிந்த கை இருந்தும் வைக்க வால்வு இல்லை. வால்வை இங்கேயே செய்துவிடுவோம் என்று பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. அதில் ஒன்றில், திறந்து மூடுவதற்காகச் செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டத்தகடு, ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது உடைந்துபோனது. நாலாவது மாதிரியில் கோபால்ட்-குரோமியம் உலோகக் கூண்டுக்குள் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தகடு வைத்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்து நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2005இல் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் காலமானார்.

மலிவாகக் கொடுப்பது என்றால் யாரோ ஒருவர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தள்ளுபடி அன்று வந்த நோயாளிக்கு மட்டும் உதவும். அந்த மனிதர் விலையின் வேரிலேயே கை வைத்திருக்கிறார். அதனால்தான் அவர் முகத்தையே பார்த்திராத எங்கள் அம்மாவுக்கும் அது வந்து சேர்ந்தது.

அறுவைக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தம் வழியாகப் புது வால்வில் போய் உட்காருமாம். அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகே தேதி கொடுத்தார்கள். நாற்பது தாண்டியவள் என்பதால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் ஆஞ்சியோகிராமும் எடுத்தார்கள். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து பையன்கள் வந்தார்கள். அறுவை நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்தோம், நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

ஐசியுவிலிருந்து வந்ததும் மூன்று பந்து உள்ள ஒரு குழாயைக் கொடுத்தார்கள். ஊத வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். அது மூச்சை உள்ளே இழுப்பதற்கு. முதலில் ஒரு பந்துகூட எழும்பவில்லை. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், நெஞ்செலும்பு கூடும்வரை குடம், வாளி எதையும் தூக்கக் கூடாது. அம்மாவைத் தூக்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் வீட்டில் பெரும்பாடாக இருந்தது. புது வால்வு சத்தம் போடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பயமுறுத்தியிருந்தார். பிளாஸ்டிக் தகடு என்பதாலோ என்னவோ, காதை நெஞ்சில் வைத்தால்தான் கேட்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு செலவு நின்றுவிடாது, கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை தினமும் ஒரே நேரத்தில். அதன் அளவு சரியா என்று பார்க்க, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை. தொடக்கத்தில் அடிக்கடி, நிலைப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை. அம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையலாம், கூடினால் ரத்தம் கசியலாம். கீரை இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் தின்று, அடுத்த வாரம் அறவே விடுவதுதான் ஆகாது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. பல்லுக்குப் போனாலும் வேறு எந்த டாக்டரிடம் போனாலும், வால்வின் அளவும் எண்ணும் எழுதிய அட்டையைக் காட்ட வேண்டும். அம்மா அதை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

ஐஎன்ஆர் பார்க்க ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரம் போக வேண்டியதில்லை. ஊர்ப் பக்கத்து லேபில் பார்த்து, எண்ணை ஒரு நோட்டில் எழுதி, மறுபரிசோதனைக்குப் போகும்போது காட்டினால் போதும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். லேபை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்றார்.