வியர்வைதான் முதல் எதிரி: வண்ணாரப்பேட்டையிலிருந்து வின்னிபெக் போகிறவர்களுக்கு

ஜனவரி சேர்க்கைக்குக் கனடா கிளம்பும் பிள்ளைக்காக நவம்பரிலேயே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் அலைய ஆரம்பித்துவிடுகிறார்கள். கனத்த ஸ்வெட்டர் மூன்று, காட்டன் பனியன் ஒரு டஜன், பெரியமேட்டில் ஒரு லெதர் ஜாக்கெட். பணத்துக்குத்தான் கேடு. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவு சராசரியாக மைனஸ் 20-ஐ ஒட்டி நிற்கும். நம் ஊர்க் குளிருக்கு எதைப் போர்த்தினாலும் போதும். அங்கே எதற்கு மேல் எதைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உடம்பை ஒட்டிப் போடும் முதல் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. வெயிலில் நம்மைக் காப்பாற்றும் அதே பருத்திதான் அங்கே ஆளைக் கவிழ்க்கும். வியர்வையை உறிஞ்சும், ஆனால் காயாது. நனைந்த துணி, காய்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பஸ்ஸைப் பிடிக்க நூறு அடி ஓடி வியர்த்து, பிறகு ஸ்டாப்பில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் நடுக்கம் முதுகிலிருந்து தொடங்கும். அதனால் தெர்மல் உள்ளாடை வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. பருத்தி கலந்தது மலிவாகக் கிடைக்கும், அது ஊட்டிக்குச் சரி. மேலும் கீழுமாக மூன்று செட் போதும், இதை இங்கேயே வாங்கலாம். அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, தலைவழியாக மாட்டுவது வேண்டாம், முன்பக்கம் ஜிப் வைத்தது. காரணம், வகுப்பறையும் பஸ்ஸும் கடையும் 21 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் கழற்ற முடியாதவர்தான் வியர்த்துத் தொலைப்பார்.

கடைசி அடுக்கான பார்க்காவை, அதாவது தலைமூடி வைத்த கனத்த குளிர்க்கோட்டை, இங்கே வாங்காதீர்கள். லெதர் ஜாக்கெட் மைனஸ் 25-ல் விறைத்துக்கொள்ளுமே தவிர, தனியாகச் சூடு காக்காது. இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம், காற்று புகாத வெளித்துணி, முகத்தைச் சுற்றி இறுக்கக்கூடிய ஹூட், மணிக்கட்டில் உள்பட்டை, இத்தனையும் அங்கே போய்ப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை. பழைய துணி விற்கும் கடைகளில் நல்ல பார்க்கா கால் விலைக்குக் கூடக் கிடைக்கும், கூச்சப்படத் தேவையில்லை. வின்னிபெக்கில் விழுவது உலர்ந்த பனி, அதற்கு வாத்து இறகு அடைத்தது சிறப்பு. வான்கூவர் மாதிரி ஈரக்குளிர் ஊருக்கு இறகு நனைந்து கட்டிதட்டிவிடும், அங்கே செயற்கைப் பஞ்சுதான். விமான நிலைய வாசலிலிருந்து கார்வரை போக, தெர்மல், ஃப்ளீஸ், மேலே ஒரு விண்ட்சீட்டர் தாங்கும். அவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி வராமல் போனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

காலுக்கு இரண்டு சாக்ஸ் மாட்டி இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் மரத்துப்போகும். ஒரே ஒரு கம்பளிச் சாக்ஸ், விரலை அசைக்க இடம் விட்ட பூட், அரை சைஸ் பெரிதாக. கைக்கு ஐந்து விரல் கிளவுஸைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் சூடு.

காலையில் செல்போனில் வெப்பநிலையோடு விண்ட் சில் எண்ணையும் பார்க்கப் பழகுங்கள், காற்றும் சேர்ந்து எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதைச் சொல்வது அது. அந்த எண் மைனஸ் 28-க்கும் மைனஸ் 39-க்கும் இடையில் இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையும். மைனஸ் 40 தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். முதலில் போவது காது மடல், மூக்கு நுனி, கன்னம், விரல் நுனி. ஜிமிக்கி, பெரிய தோடு போன்ற உலோகம் குளிரை நேராகத் தோலுக்குக் கடத்தும், தொப்பி காதை முழுக்க மூடவில்லையென்றால் வீட்டிலேயே கழற்றி வைப்பது நல்லது.

தோல் வெளுத்து, மெழுகு பூசியதுபோல் ஆகி, தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அது உறைவு. நம் வீட்டில் முதலில் கை போவது தைலப் பாட்டிலுக்குத்தான். தேய்க்கவே கூடாது. தைலம், எண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். உறைந்த திசு தேய்க்கத் தேய்க்கக் கிழியும். ஹீட்டர் அருகில் நீட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டும் வெதுவெதுப்பு நீரில், 38-லிருந்து 40 டிகிரிக்குள், அரை மணி நேரம் வைத்திருங்கள். கொப்புளம் வந்தாலோ, உணர்ச்சி திரும்பாவிட்டாலோ ஆஸ்பத்திரி.

வெளிக்குளிருக்காவது எல்லாரும் தயாராகப் போகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் வறட்சியைப் பற்றித்தான் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தண்டையார்பேட்டையில் 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 20 கிராம் தண்ணீர் இருக்கும். மைனஸ் 25-ல் அரை கிராம்தான். அந்தக் காற்றை ஃபர்னஸ் என்ற வீட்டுச் சூடேற்றி இழுத்துச் சூடாக்கி அறைக்குள் விடுகிறது. உதடு வெடிப்பு, தூங்கி எழுந்தால் மூக்கில் ரத்தம், கதவுப்பிடியைத் தொட்டால் ஷாக், எல்லாம் இதிலிருந்து. நாளைக்கு இரண்டு குளியல், தலைக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் என்ற பழக்கத்தை விட வேண்டியிருக்கும். ஒரு குளியல், ஐந்து நிமிடம், வெதுவெதுப்பாக. துவட்டி முடித்த ஈரம் போகுமுன் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஸ்பூனால் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்தால் இளகும். தலைக்குக் குளிப்பதை இரவுக்கு மாற்றுங்கள்.

வறட்சிக்குக் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் வாங்கி முழு வேகத்தில் ஓடவிட்டால் வேறு வம்பு. ஈரம் ஜன்னல் கண்ணாடியில் படிந்து, உறைந்து, இளகி, சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 10 என்றால் 30 சதவீதம் வரை சரி, மைனஸ் 30 ஆகிவிட்டால் 20-ஐ ஒட்டி இறக்குங்கள். இட்லி அவிக்கும்போதும் சாம்பார் கொதிக்கும்போதும் அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள். அரிசி மூட்டையை வெளிச்சுவரை ஒட்டிச் சாய்க்காதீர்கள், பின்பக்கம் ஈரம் தங்கி அடி அரிசி போய்விடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: புகை அலாரம் அலறி மாடி முழுக்க ஆள் இறங்கிவிடும். பத்தி ஒன்று, அதுவும் அலாரத்துக்குத் தூரமாக. அலாரத்தைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு, அது முட்டாள்தனம். வாசனையே இல்லாத நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தொடவே கூடாது. ஃபர்னஸ் புகைக்குழாய் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனி கொட்டியதும் போய் அதைச் சுற்றித் தள்ளிவிடுங்கள், அடைத்துக்கொண்டால் புகை வீட்டுக்குள் திரும்பும்.

இட்லி மாவு 20 டிகிரி வீட்டில் இரவோடிரவாகப் பொங்காது. இங்கே அரைக்கும்போது சூடேறாமல் இருக்க ஐஸ் தண்ணீர் விடுவோம், அங்கே வெதுவெதுப்பான தண்ணீர். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டால் 12-லிருந்து 16 மணி நேரத்தில் எழும்பும். புது ஓவன்களில் எல்இடி விளக்கு இருந்தால் சூடு வராது, பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்து நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது கட்டாயம், ரூம்மேட் பீட்சாவுக்குத் திருகிவிட்டால் மாவும் போச்சு, பிளாஸ்டிக் டப்பாவும் போச்சு.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மிச்சம் பிடிக்கிறோம் என்று ஃபர்னஸை அணைத்துவிட்டு வராதீர்கள். சுவருக்குள் ஓடும் குழாய் உறைந்து வெடிக்கும். 15 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, தண்ணீர் மெயின் வால்வை மூடி, தெரிந்தவரிடம் சாவி கொடுத்துவிட்டு வாருங்கள். ஆள் பார்க்காத வீட்டில் குழாய் வெடித்தால் பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் பணம் வராது. கார் இருந்தால் மைனஸ் 15-க்குக் கீழே இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைக் கரண்டில் சொருகுங்கள், டைமர் வைத்து நான்கு மணி நேரம் போதும். கண்ணாடிப் பனிக்கு வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். சுரண்டிதான் வழி.

வெயில் நமக்குப் பழகியதுதானே என்பார்கள். நுங்கம்பாக்கத்தில் பதிவான அதிகபட்சம் 2003 மே 31-ல் 45 டிகிரி. கனடாவின் லிட்டனில் 2021 ஜூன் 29-ல் 49.6. அந்த வாரத்தில் லிட்டன் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெயிலுக்கு இறந்தவர்கள் 619 பேர், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. சூட்டை உள்ளே பிடித்துவைக்கக் கட்டிய வீடுகள் அவை, கோடையிலும் அதையே செய்யும். நமக்கு மத்தியானம் கடல்காற்று ஏறியதும் ஒரு மூச்சு கிடைக்கும். வின்னிபெக்கில் ஜூனில் சூரியன் இறங்க ஒன்பதரை தாண்டும், சூடு உச்சத்துக்கு வருவது மாலை ஐந்து மணிக்கு. ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்ற நம் கணக்கு அங்கே தப்பும். காலை ஒன்பதுக்கு மூடி, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வெளிர்த் துணி கட்டி, இரவு வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். ஒன்றில் மேஜை விசிறியை வெளியே பார்த்து வையுங்கள். ஈரத் துண்டு போர்த்துவது இங்கே புழுக்கம்தான் கூட்டும், அங்கே காற்று உலர்ந்த நாட்களில் நன்றாக வேலை செய்யும். பக்கவாட்டில் நகரும் ஜன்னலுக்குச் சாதாரண விண்டோ ஏசி பொருந்தாது. குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசிதான், அதையும் மே மாதமே வாங்குங்கள். கொசுவும் உண்டு, அந்த விஷயத்தில் வியாசர்பாடிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து மே மாதத்தில் ஊருக்கு வருகிறவர்களுக்கும் இந்த வெயில் எச்சரிக்கை பொருந்தும். வெயில் தாங்கும் பழக்கம் சில வாரத்திலேயே உடம்பை விட்டுப் போய்விடும், திரும்ப வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். வந்த மறுநாளே பதினோரு மணி வெயிலில் கல்யாணப் புடவை எடுக்க எம்.சி. ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் வாரம் உப்புப் போட்ட மோர், காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் வெளிவேலை. அங்கேயே பிறந்த குழந்தைகளுக்கு இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். தாகம் என்று சொல்லத் தெரியாத வயதென்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், அடர் மஞ்சள் ஆனால் வெளியே விளையாட அனுப்பாமல் தண்ணீர் கொடுங்கள்.