மீன் ஏலக் கணக்கும் ஜாங்கோவும்: எந்த டேட்டாபேஸ் பொருந்தும்?

பைத்தான் மொழியில் இணையச் செயலிகளை எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கினால், நாம் கேட்காமலேயே எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் அதில் அமைந்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகிய டேட்டாபேஸ்களுக்கும் ஜாங்கோ முறையான ஆதரவு தருவதாலும், நாம் எழுதும் பைத்தான் வரிகள் பெரும்பாலும் அப்படியே இருப்பதாலும், இப்போதைக்கு எதையாவது வைத்துக்கொள்வோம், பிறகு மாற்றலாம் என்று புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் சொல்கிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதி வருகிற நான் இதை ஏற்பதில்லை. எடையும் பணமும் பதிவாகிற இடத்தில், ஃபிரேம்வொர்க்கால் மறைக்க முடியாத வேறுபாடுகளே கணக்கைத் தீர்மானிக்கின்றன.

படகுகள் கரை சேரும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தராசில் நண்டு, இன்னொன்றில் கணவாய், மூன்றாவதில் இறால் என்று எடை ஏறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு தராசுக்கும் ஒருவர் கைபேசியில் பதிகிறார். அதே நேரத்தில் உள்ளே கணக்குப்பிள்ளை டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறார். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிவைக்கும் வால் (WAL) முறையை இயக்கினால் படிப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், எழுதுபவர்களின் வரிசை அப்படியேதான் இருக்கும். காத்திருப்பு எல்லை தாண்டினால் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்ற பிழை வரும். அதைவிட நான் அஞ்சுவது வேறொன்று. ஒரே படகின் முன்பண நிலுவையை இருவர் ஒரே கணத்தில் படித்து, தனித்தனியாகக் கழித்து எழுதினால், ஒரு கழிவு காணாமல் போய்விடும். இதைத் தடுக்க ஜாங்கோவில் 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்ற கட்டளை உண்டு. போஸ்ட்கிரெஸில் அது, நம் வேலை முடியும்வரை வேறு யாரும் மாற்றாதபடி, அட்டவணையின் குறிப்பிட்ட பதிவை (row) மட்டும் பூட்டுகிறது. எஸ்கியூலைட்டிலோ எந்தப் பூட்டும் போடாமல், பிழையும் காட்டாமல் கடந்து போகிறது. சோதனைக் கணினியில் எஸ்கியூலைட்டையும் சர்வரில் போஸ்ட்கிரெஸையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

எஸ்கியூலைட்டில் தசம எண்ணுக்கென்று உண்மையான வகை கிடையாது. டெசிமல் ஃபீல்டில் நாம் இடும் கிலோவும் ரூபாயும் உள்ளே மிதவைப் புள்ளி எண்களாகவே, அதாவது பல பின்னங்களைத் தோராயமாக மட்டுமே வைத்திருக்கும் வடிவில், தங்குகின்றன. அந்த முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் மிகச் சரியாக 0.3 வராது. போஸ்ட்கிரெஸின் நியூமெரிக் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது தமிழ் அகரவரிசை. பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இது பெரிய விஷயம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் டேட்டாபேஸ், படகு உரிமையாளர் பட்டியலை அந்தோணி, அன்பு, அப்துல், அருள், அழகு என்று தரும். நாம் பள்ளியில் படித்த வரிசைப்படி அன்பு கடைசியில் வர வேண்டும். அச்செடுத்த பேரேட்டில் விரலை ஓட்டித் தன் பெயரைத் தேடுகிறவருக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. போஸ்ட்கிரெஸ் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அந்தந்த மொழியின் அகரவரிசையை அறிந்த ஐசியூ (ICU) வரிசைமுறைகளை ஆதரிக்கிறது, ஜாங்கோ 3.2 முதல் ஒரு ஃபீல்டுக்கு மட்டும் தமிழ் வரிசைமுறையை மாடலிலேயே குறிப்பிடலாம். எஸ்கியூலைட்டின் இயல்பான வரிசை குறியீட்டு எண்படிதான்.

அட்டவணை அமைப்பை மாற்றும்போது மைஎஸ்கியூஎல் ஏன் எனக்கு இரண்டாம் தேர்வு என்பது விளங்கும். இந்த மாற்றத்தைச் செய்யும், பல படிகள் கொண்ட மைக்ரேஷன் நடுவில் முறிந்தால், போஸ்ட்கிரெஸ் முழுவதையும் பின்வாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்; மைஎஸ்கியூஎல்லில் முடிந்த படிகள் அப்படியே நின்றுவிடுவதால், மீதியைக் கையால் சரிசெய்ய வேண்டும். விசைப்படகுகளை நம்பிய கம்பெனிகளுக்கு இவ்வகை மாற்றங்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் செய்துவிடுவது நல்லது. மற்றபடி, எடுத்திருக்கும் ஹோஸ்டிங்கில் மைஎஸ்கியூஎல்தான் கிடைக்கும் என்றால் தயங்க வேண்டாம். அதன் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபி அட்டவணைகளில் பதிவு அளவிலான பூட்டும் சரியான தசமமும் உண்டு. எழுத்துக் குறியீட்டு முறை (character set) மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழு ஒன்றின் கணக்கை ஒரே அக்கா ஒரே மடிக்கணினியில் எழுதுகிறார் என்றால், அங்கே எஸ்கியூலைட்டையே பரிந்துரைப்பேன். தனி சர்வர் வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம், மொத்தக் கணக்கும் ஒரே கோப்பு. தொகைகளை மட்டும் பைசாவிலும் எடையைக் கிராமிலும் முழு எண்ணாகச் சேமியுங்கள். பென் டிரைவில் பிரதி எடுக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே நகலெடுக்காமல் எஸ்கியூலைட்டின் பேக்அப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.