கடனாளிகளும் கர்த்தருடைய ஜெபமும்

போன வருடம் லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கி இரண்டாவது வாரம், பாளையங்கோட்டை வீட்டில் அம்மா காலை ஐந்தரைக்குக் காபியோடு அப்பாவை எழுப்பப் போயிருக்கிறாள். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வலது கை அப்படியே கிடக்கிறது, என்ன கேட்டாலும் "ஆ... ஆ..." என்பதைத் தவிர ஒன்றுமில்லை. 108 வந்து, சிடி ஸ்கேன் எடுத்து, பக்கவாதம் என்று சொன்னார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், தூக்கத்திலேயே வந்ததால் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை, அதனால் போட முடியாது என்றார்கள். நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள்.

இது பாதி கஷ்டம்தான். மீதிப் பாதி என் தம்பி.

கடை வைக்கிறேன் என்று என்னிடம் 2 லட்சம் வாங்கியிருந்தான். கடை ஓடவில்லை, பணமும் வரவில்லை, கேட்டால் போனை எடுப்பதில்லை, கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே வாய்ச்சண்டை முற்றிப் பேச்சு நின்றுபோனது. இரண்டு வருடம். அவன் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து வார்டு வாசலில் நின்றபோதுகூட, "சாப்பிட்டியா" என்று கேட்க வாய் வரவில்லை எனக்கு. ராத்திரி அவன், பகல் நான் என்று முறை போட்டுக்கொண்டோம். காலை ஆறு மணிக்கு பிளாஸ்க்கும் மருந்துச் சீட்டு வைத்த பையும் கை மாறும். "பிரஷர் 160", "யூரின் பை மாத்தியாச்சு", அவ்வளவுதான் பேச்சு.

என் விசுவாசத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்வீர்கள். சி.எஸ்.ஐ. குடும்பம், ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முறையாக ஆனது. சென்னைக்கு வந்தபின் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அப்புறம் யாருடைய கல்யாணமாவது. ஆராதனை முடிவில் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஆசீர்வாதம் சொல்லும்போதே வெளியே செருப்பு எந்தப் பக்கம் கழற்றினேன் என்று யோசிக்கிற ஆள்.

ஆஸ்பத்திரியில் ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் வேறு, "வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கான்னு பாரு" என்று ஒரு பெரியம்மா, "விசுவாசம் இருந்தா இந்நேரம் எழுந்திருப்பார்" என்று இன்னொருவர். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் 7 நாள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இவர்களுக்கு ஏழு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. அப்பாவின் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 13-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. மொத்தமே 6 வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பித்து, முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே நாலு "எதுவரைக்கும்". இப்படியும் கேட்கலாமா என்று இருந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் வாரம் முழுக்க என் ஜெபம் அந்த ஒரு வார்த்தைதான்.

பதினோராம் நாள் சாயங்காலம், ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிற எங்கள் உபதேசியார் வந்தார். முறை மாறுகிற நேரம், அதனால் தம்பியும் இருந்தான். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஜெபம் பண்ணுவோமா?" என்றார். சின்ன ஜெபம். முடிவில் வழக்கம்போல கர்த்தருடைய ஜெபத்தை, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினார். மூன்றாவது வரியில் இன்னொரு குரலும் சேர்ந்து கேட்டது. குழறலாக, மூக்கால் பேசுகிற மாதிரி, ஆனால் வார்த்தை வார்த்தையாக. அப்பா. தண்ணீர் என்று கேட்கத் தெரியாத மனுஷன் "உம்முடைய சித்தம்" என்கிறார். உபதேசியார் கண்ணைத் திறக்காமலே தன் குரலைக் குறைத்துக்கொண்டார். "எங்களுக்கு விரோதமாகக் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் அப்பா திக்கி நின்றார். நானும் தம்பியும் ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுத்தோம். ஆமென் மட்டும் கணீரென்று வந்தது.

அற்புதம் என்றே நினைத்தேன். மறுநாள் டாக்டரிடம் சொன்னால் அவர் ஆச்சரியப்படவே இல்லை. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் புதிதாக வாக்கியம் கட்டுகிற திறமை போய்விடுமாம், ஆனால் மனப்பாடமான ஜெபம், ஒன்று இரண்டு எண்ணுவது, பாட்டு இதெல்லாம் பல பேருக்குத் தங்கிவிடுமாம். கொஞ்ச நேரம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பாயை விரித்து, கொசு கடிக்கக் கடிக்க, தூங்கி விழுகிற எங்களைத் தட்டி எழுப்பிச் சொல்லவைத்த ஜெபம் அது. ஊரை விட்டுக் கிளம்பியதும் நான் முதலில் விட்டது அதைத்தான். அப்பாவுக்கு எல்லாம் போனபின் மிச்சம் இருந்ததும் அதுதான். டாக்டர் சொன்ன காரணத்தால் அது எனக்குச் சின்னதாகிவிடவில்லை.

அன்று ராத்திரி அந்த ஜெபம் வருகிற மத்தேயு 6-ஐ எடுத்துப் பார்த்தேன். கோயிலில் நாங்கள் சொல்வது "குற்றம்". வேதாகமத்தில் இருப்பதோ, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடனாளி! வராந்தாவில் தனியாகச் சிரித்தேன், பக்கத்து பெட்காரம்மா ஒரு மாதிரி பார்த்தார்கள். காலையில் பிளாஸ்க்கை வாங்கும்போது தம்பியிடம் அந்த வசனத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, பணம் தந்துடுவேன்" என்றான். "முதல்ல டீ வாங்கிக் கொடுல" என்றேன். மன்னித்துவிட்டேனா என்றால், பாதிதான். அந்தக் கிறிஸ்துமஸ் பேச்சு இன்னும் சில நாள் குத்துகிறது.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் வார்த்தைகளை ராகம் போட்டுச் சொல்லவைத்தார். இடது கையால் கட்டிலைத் தட்டிக்கொண்டே "தண்-ணீ-வே-ணும்". அப்பா பாடகர் குழுவில் முப்பது வருடம் பேஸ் பாடியவர், அதனால் காப்பி கேட்பதுகூடக் கீழ் ஸ்தாயியில்தான்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு ஊசிக்கோபுரத்துக்கு நான் மட்டும் போனேன். 1826-இல் கட்டிய கோயில், அப்பா உட்காருகிற பெஞ்சு காலியாக இருந்தது, அங்கேயே உட்கார்ந்தேன். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று ஐயர் கையை உயர்த்தியபோது செருப்பு ஞாபகம் வரவில்லை. கடைசி ஆமென் வரைக்கும் நின்றேன்.

அப்பா இப்போது கோலை ஊன்றி முற்றம் வரை நடக்கிறார். வலது கை இன்னும் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நான் சென்னையிலிருந்தும் தம்பி கோயம்புத்தூரிலிருந்தும் வீடியோ காலில் வருகிறோம், நெட் இழுக்கிற இழுப்பில் மூன்று பேரும் மூன்று வரியில் இருப்போம், அப்பா நிறுத்திவிட்டு முறைப்பார்.

வேண்டாம் என்று சொல்லியும் மாதாமாதம் தம்பியிடமிருந்து ஜிபேயில் 5,000 வருகிறது. நேற்றும் வந்தது. குறிப்பில் "கடன் 7/40" என்று போட்டிருந்தான்.