நூறு ரூபாய்க்காக எல்லை தாண்டும் டீசல்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் டீக்கடையில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். நான் குட்டியானை ஓட்டுகிறேன். இளநீரும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போய் வருவேன். இந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் முடிந்தவரை ஊரில் டேங்கை நிறைப்பதில்லை, முள் சிவப்பில் கிடந்தாலும் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டட்டும் என்று இழுத்துப் பிடித்து ஓட்டி, தமிழ்நாட்டுப் பக்கத்து பங்க்கில்தான் போய் நிறுத்துவோம். டீசலுக்கு லிட்டருக்கு மூன்று, நான்கு ரூபாய் வித்தியாசம். 30 லிட்டர் போட்டால் 100 ரூபாய் கையில் நிற்கும்.

இந்த வித்தியாசம் பெரும்பாலும் வரிதான். பெட்ரோல், டீசல் இரண்டும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதனால் மத்திய அரசின் கலால் வரிக்கு மேலே ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கில் வாட் என்கிற விற்பனை வரி போடுகிறது. டீசலுக்குத் தமிழ்நாடு 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வாங்குகிறது, கேரளத்தில் 22.76 சதவீதமும் லிட்டருக்கு 1 ரூபாயும். அதற்கு மேல் 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்கிற கூடுதல் வரி வேறு. எங்கள் ஸ்டாண்டில் எண்ணெய்ப் பேச்சு வந்தால் இந்த 2 ரூபாயில் ஆரம்பித்து 2 ரூபாயிலேயே முடியும். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பங்க்கில் டேங்கர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கி முடியும்வரை விற்பனை கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள், சரி என்று இறங்கி நின்று பார்த்தேன். பையன் ஒருவன் கண்ணாடி ஜாடியில் டீசலைப் பிடித்து, அதில் மிதக்கும் குழாயைப் போட்டு டென்சிட்டி பார்த்து நோட்டில் எழுதினான். அப்புறம் பித்தளைக் கோலை டேங்கருக்குள் இறக்கி, ஈரம் ஏறிய இடத்தை விரலால் தொட்டு அளவு சொன்னான். லோடு எங்கிருந்து என்று டேங்கர் டிரைவரைக் கேட்டேன். கோவை பக்கத்து இருகூர் என்றார். இருகூருக்கு எங்கிருந்து வருகிறது? கொச்சியிலிருந்து, குழாய் வழியாக.

எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. கொச்சி அம்பலமுகளில் 1966-லிருந்து ஓடும் சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சிய டீசல், பாலக்காட்டுக் கணவாய் வழியே மண்ணுக்கு அடியில் எங்களைத் தாண்டி இருகூர் போய், அங்கிருந்து கரூர் வரைக்கும் போகிறது, மொத்தம் 290 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஜில்லாவைக் கடந்து போன டீசலைத்தான் நாங்கள் எல்லை தாண்டிப் போய்ப் போட்டுக்கொண்டு திரும்புகிறோம். கொச்சி ஆலைக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனதில்தான் இந்தப் பதிவு.

கொச்சி பக்கத்துப் புதுவைப்பு கரையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் ஒரு மிதவை இருக்கிறது. பெரிய கச்சா எண்ணெய்க் கப்பல்கள் கரைக்கே வராமல் அதில் கட்டிக்கொண்டு எண்ணெயைக் குழாயில் தள்ளிவிடுகின்றன. இந்தியா முழுவதற்கும் 2024-25-இல் இப்படி வந்து இறங்கிய கச்சா எண்ணெய் சுமார் 24 கோடி டன். நம் நாட்டில் எடுத்தது 3 கோடி டன்னுக்கும் கீழே. நூற்றுக்கு 88 பங்கு வெளியிலிருந்து வருகிறது. என் 30 லிட்டர் டேங்கில் வைத்துப் பார்த்தால் 26 லிட்டருக்கு மேல் கப்பலில் வந்த எண்ணெய், மீதி மூன்றரை லிட்டர் நம்முடையது.

இந்த மூன்றரையும் குறைந்துகொண்டே வருகிறது. 1974-இல் மும்பைக் கடலில் பம்பாய் ஹை எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தபோது பெரிய நம்பிக்கை வந்தது. 2011-12-இல் நாட்டு உற்பத்தி 3.8 கோடி டன் வரை போனது, அதற்குப் பிறகு இறக்கம்தான், கிணறுகளுக்கு வயதாகிவிட்டது. காவிரிப் படுகையில் நரிமணத்தில் கொஞ்சம் எடுக்கிறார்கள். டெல்டாவை இன்னும் தோண்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை, சோறு போடும் மண்ணைக் கெடுத்து எடுக்கிற எண்ணெய் இந்த 88-ஐ அசைக்கப் போவதும் இல்லை.

பலர் கேட்பார்கள், இவ்வளவு வாங்குகிற நாடு ஏன் பெட்ரோலையும் டீசலையும் வெளிநாட்டுக்கு விற்கிறது என்று. நம்மிடம் இல்லாதது கச்சா எண்ணெய்தான், அதைக் காய்ச்சும் ஆலைகள் நிறைய இருக்கின்றன. வருடத்துக்கு 25 கோடி டன்னுக்கு மேல் காய்ச்சலாம். அதனால் வாங்கிக் காய்ச்சி, 6 கோடி டன்னுக்கு மேல் பெட்ரோலியப் பொருள்களாக ஏற்றுமதி செய்கிறோம், கூலிக்கு அரைத்துக் கொடுக்கிற மில் மாதிரி கொஞ்சம் டாலர் திரும்பி வருகிறது. ஆனால் சமையல் காஸ் அப்படி இல்லை, அதில் பாதிக்கு மேல் நேரடியாகவே வாங்குகிறோம்.

இனி பணத்துக்கு வருகிறேன். 2024-25-இல் கச்சா எண்ணெய்க்கு மட்டும் கொடுத்தது சுமார் 13,700 கோடி டாலர். சரக்கு வர்த்தகத்தில் நாட்டுக்கு விழுந்த பற்றாக்குறை சுமார் 28,300 கோடி டாலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணெயின் எடை தெரியும். ஒரு டன் என்பது ஏழு பீப்பாய்க்குக் கொஞ்சம் மேல், அந்தக் கணக்கில் வருடத்துக்கு 170 கோடி பீப்பாய்க்கு மேல் வாங்குகிறோம். பீப்பாய்க்கு ஒரே ஒரு டாலர் கூடி வருடம் முழுக்க நின்றால், 170 கோடி டாலர் கூடுதலாகப் போகும்.

எண்ணெய் விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிந்தவர் என் பெரிய மாமா. குவைத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை உள்ளே வந்தது. பாக்தாத், அம்மான் என்று பஸ்ஸில் அலைந்து, ஒரு கைப்பையோடு விமானம் ஏறி வந்தார். அப்போது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் அவர் ஒருவர். எண்ணெய் விலை தாறுமாறாக ஏறிய அதே நேரம், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் வெறுங்கையோடு ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. மறு வருடம் மூன்று வார இறக்குமதிக்குக்கூடக் காணாத டாலர் கையிருப்போடு நாடு நின்றது, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி ஈடு வைத்தது. மாமா இன்றைக்கும் சொல்வார், "உங்க அத்தை வளையலும் கவருமெண்டு தங்கமும் ஒண்ணாத்தான் அடகுக்குப் போச்சு மாப்ளே."

இப்போது மாமா மகன் அபுதாபியில் இருக்கிறான். பீப்பாய் விலை விழுந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, ஆனால் அவன் கம்பெனிக்கு வேலை குறையும். 2020-இல் சம்பளமில்லா விடுப்பில் ஊரில் வந்து உட்கார்ந்திருந்தான். நாட்டுக்கும் இதே நிலைதான். 2024-25-இல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணம் ஏறத்தாழ 13,500 கோடி டாலர், எண்ணெய்க்குக் கொடுத்ததற்குக் கிட்டத்தட்ட சமம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளைகுடாவிலிருந்து வருவது. எண்ணெய் வாங்குகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள், எண்ணெய் விற்கும் நாடுகளிலேயே வேலை செய்கிறார்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

அதனால்தான் விலை இறங்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். 2013-14-இல் கச்சா எண்ணெய்க்கு 14,300 கோடி டாலர் கொடுத்தோம். விலை சரிந்து 2015-16-இல் அது 6,400 கோடியானது. நாடு மூச்சு விட்டிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அதே இரண்டு வருடத்தில் வாங்கிய அளவு 19 கோடி டன்னிலிருந்து 20 கோடிக்கு மேல் ஏறிவிட்டது, இப்போது 24 கோடி. இறக்குமதியை நம்பியிருப்பதை 2022-க்குள் பத்து சதவீதம் குறைப்போம் என்று 2015-இல் பிரதமர் அறிவித்தார். அப்போது 77 இருந்தது, இப்போது 88. ரஷ்ய எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்தாகிவிட்டது, எல்லாம் உதவிதான், இருந்தும் குடிக்கிற அளவு குறையவில்லை. நாட்டில் செலவாகும் பெட்ரோலியப் பொருள்களில் பத்துக்கு நான்கு பங்கு டீசல், அதாவது லாரி, பஸ், டிராக்டர், என் குட்டியானை. பொள்ளாச்சி-பாலக்காடு ரயில் பாதையை அகலமாக்கி, மின்கம்பியும் இழுத்தாகிவிட்டது, ஆனால் ஏறிப் போக வண்டி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அந்தப் பாதையில் காலையிலும் மாலையிலும் வண்டி ஓடினால் எங்கள் பகுதியில் எத்தனை பைக் வீட்டிலேயே நிற்கும் என்று நினைத்தால் மனசு கொதிக்கிறது.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முன்பெல்லாம் டீசலுக்குக் கொடுத்த ரூபாயை மட்டும் எழுதுவேன். ஒரு நாள் மாமா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரூவா இருக்குது செரி, வண்டி எத்தன குடிச்சுதுன்னு எங்க மாப்ளே?" என்று கேட்டார். அன்றிலிருந்து லிட்டர் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் பொள்ளாச்சியிலிருந்து எத்தனை நடை காலியாகத் திரும்புகிறேன் என்று கண்ணில் பட்டது. இப்போது சந்தையில் தவிடும் காய்கறியும் அனுப்புகிற இரண்டு பேரோடு பேசி, திரும்பும்போது அந்த லோடை ஏற்றிக்கொண்டு வருகிறேன், அவர்கள் தனியாக இன்னொரு வண்டி பிடிப்பதில்லை. போன மாதம் அப்படி ஒன்பது நடை. இரண்டு வண்டி ஓட வேண்டிய இடத்தில் ஒன்று ஓடியதில் 40 லிட்டர் மிச்சம் என்று மாமாதான் கூட்டிப் பார்த்துச் சொன்னார்.